பின்னால் எரியும் விளக்கு

பிரம்மதேவன் மனிதனைச் சிருஷ்டித்தபோது இரண்டு கண்களையும் முகத்திலேயே வைத்துவிட்டான். ஒன்றை முகத்திலும் மற்றொன்றைப் பிடரியிலும் வைத்திருந்தானானால், உலகத்தில் எத்தனையோ சங்கடங்கள் குறைந்திருக்கும். நம்முடைய சட்டை முதுகுப் பக்கம் கிழிந்திருப்பது கடைத்தெரு முழுவதற்கும் தெரியும். நமக்கு மட்டும் தெரியாது. யாராவது ஒரு புண்ணியவான் காதோடு காதாகச் சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்கிறவர்களுக்கும் நாம் நன்றி செலுத்துவதில்லை, முறைத்துப் பார்க்கிறோம்.

மோட்டார் வண்டிகளின் பின் விளக்கும் இந்த வகையைச் சேர்ந்ததே. முன் விளக்கு அணைந்தால் வண்டி ஓட்டுகிறவனுக்கு அடுத்த க்ஷணமே தெரிந்துவிடும். உடனே வண்டியை நிறுத்துவான். மெக்கானிக்கைத் தேடி ஓடுவான். பின் விளக்கோ, ஒரு மாதமாக அணைந்து கிடந்தாலும் அவன் பாட்டுப் பாடிக்கொண்டே போவான். ஏனென்றால் அந்த விளக்கு அவனுக்காக ஏற்பட்டதல்ல. பின்னால் வருகிற, முன்பின் தெரியாத ஒருவனுக்காக ஏற்பட்டது. தனக்கு உபயோகமில்லாத விளக்கைக் காப்பாற்றுவதில் மனிதனுக்கு எவ்வளவு சிரத்தை இருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுமா?

இப்படிப் பிறரைப் பற்றிச் சொல்வது சுலபம். உண்மையில் இது நம்முடைய கதை. ஆகவே நம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டு ஆரம்பிக்கிறோம்.

* * *

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், பொன்னமராவதிக்கு அருகில் இருக்கிறது நமது கிராமம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று ஊர் ஊராகத் தங்கி நடக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து பின்னிரவிலும் விடியற்காலையிலுமே அதிகமாக நடப்பார்கள். தை மாதத்துப் பனி மூட்டத்தில் பத்தடிக்கு முன்னால் போகிறவரின் காவி வேட்டியே கண்ணுக்குத் தெரியாத வேளைகள் உண்டு.

நடப்பவர்களுக்கு அரிசியும் பாத்திரமும் போர்வையும் கூடவே வர வேண்டுமல்லவா? நம் பாட்டனார் காலத்தில் அவற்றை மாட்டு வண்டி சுமந்தது. வண்டியின் அச்சுக்கு அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே போகும். இப்போது அந்த உத்தியோகத்தை டிராக்டரும் அதன் பின்னால் பூட்டிய டிரெய்லரும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. டிரெய்லரில் மனிதர்கள் ஏறுவதில்லை. சட்டமும் அதற்கு இடம் கொடுப்பதில்லை, நேர்ந்துகொண்ட வேண்டுதலும் இடம் கொடுப்பதில்லை.

எங்கள் கூட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. பகலில் டிராக்டர் முன்னால் போய் உலை வைக்கும். இரவிலோ, அது கூட்டத்துக்குப் பின்னால் மெள்ள ஊர்ந்து வரும். அதாவது, அந்த டிரெய்லரின் பின்னால் எரிகிற இரண்டு சிவப்பு விளக்குகள் அந்த வண்டிக்கு மட்டும் விளக்கல்ல; முன்னால் நடக்கிற 32 பேருக்கும் அவையே பின் விளக்கு. டிராக்டருக்கென்று சொந்தமாகப் பின் விளக்குகள் உண்டு என்றாலும், டிரெய்லரைப் பூட்டியதும் அதன் முன் பலகை அவற்றை மறைத்துவிடுகிறது.

டிராக்டர் நமது தமையனாருடையது. ஆயுத பூஜைக்கு டிரெய்லருக்கு நீல வர்ணம் பூசி, பின் பலகையில் மயிலும் வேலும் எழுதச் செய்திருந்தார். பார்ப்பவர்கள் கண் பட்டுவிடும் என்று நமக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. கண் படவில்லை, வேறொன்று படப் பார்த்தது.

* * *

யாத்திரைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சமையல் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு பொன்னமராவதியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தமையனார் ஓட்டினார், நாம் பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். நன்றாக இருட்டிவிட்டது. ஒரு வளைவில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. தமையனார் பிரேக்கை அழுத்தினார். அந்தச் சமயம் நம்மைத் தாண்டிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. அடுத்த நிமிஷம் டயர் தேய்கிற சப்தமும், கண்ணாடி உடைகிற சப்தமும் கேட்டன.

ஓடிப் போய்ப் பார்த்தோம். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் டிரெய்லரின் அடியில் நுழைந்திருந்தது. அதன் விளக்கு மயிலின் காலடியில் மோதி நொறுங்கியிருந்தது. ஓட்டி வந்த வாலிபனுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் வண்டியின் பெட்ரோல் டாங்கியின் மேல், அவனுடைய இரண்டு கைகளுக்கும் நடுவில், நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் நெற்றிக்கும் டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. குழந்தை அழக்கூட இல்லை. கண்ணை அகல விழித்துக்கொண்டு மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தமையனார் கை நடுங்கப் பணத்தை எடுத்து நீட்டினார். வாலிபன் வாங்கவில்லை. "காசு வேண்டாங்கய்யா. பின்னாடி லைட்டு ஒண்ணுகூட எரியலே. நீங்க நின்னதும் தெரியலே, போனதும் தெரியலே. அதை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

அவன் கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசியிருந்தால் நமக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

* * *

மறு நாள் மாலை வாசலில் ஒரு மகாநாடு கூடிற்று. டிராக்டரின் விளக்கைப் போட்டோம். டிரெய்லரின் வலப் பக்கத்து விளக்கு, அணையப் போகிற சுருட்டின் நுனியைப் போல் மங்கலாகச் சிவந்தது. இடப் பக்கத்து விளக்கு அதுவும் இல்லை. பிரேக்கை மிதித்தால் இன்னும் பிரகாசமாக எரிய வேண்டுமல்லவா? அதற்கு நேர்மாறாக, இருந்த சிவப்பும் போய்விட்டது! இடப் பக்கம் திரும்புவதற்கான விளக்கைப் போட்டால், வலப் பக்கத்து விளக்கும் கூடச் சேர்ந்து கண் சிமிட்டிற்று. "இது கரண்டு வேலை இல்லே, காத்து கருப்பு வேலை" என்று தீர்ப்பளித்தாள் எங்கள் அப்பத்தா. அப்போது கூடியிருந்தவர்களின் அபிப்பிராயங்களில் அது ஒன்றும் மோசமானதல்ல.

பக்கத்து வீட்டுக்காரர், "பல்பு போயிருக்கும்" என்றார். புதிய பல்பு வாங்கி வந்தோம். இந்தப் பல்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரே கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று 5 வாட். இரவெல்லாம் நிதானமாக எரிவதற்கு. மற்றொன்று 21 வாட். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் பளிச்சென்று எரிவதற்கு. பல்பைத் தலைகீழாக மாட்டிவிடக் கூடாதென்று, அதன் பக்கங்களில் உள்ள இரண்டு முளைகளையும் ஏற்றத் தாழ்வாக வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பலசாலி. அந்த முளைகளின் ஆட்சேபத்தைப் பொருட்படுத்தாமல் திருகி நுழைத்துவிட்டார். அப்படி மாட்டினால் சாதாரண வேளையில் பெரிய இழை எரியும். பிரேக் போடும்போது சின்ன இழை அதோடு சேரும். எப்போதும் நிற்கப் போகிறவன் போல் பாசாங்கு செய்து, உண்மையாகவே நிற்கும்போது ஒன்றும் சொல்லாத வண்டியாகிவிடும். நல்ல வேளையாக அன்றைக்குப் பெரிய இழையும் எரியவில்லை.

வேறொருவர், "ஃபியூஸை எடுத்துவிட்டுக் கெட்டியான செம்புக் கம்பி ஒன்றைப் போட்டுவிடுங்கள்" என்றார். ஃபியூஸ் கெடவே இல்லை. இருந்தாலும் ஆலோசனை சொன்னார். வயரில் எங்கேயாவது கோளாறு இருந்தால் தான் எரிந்து வண்டியைக் காப்பாற்றுவதுதான் ஃபியூஸின் தர்மம். அதற்குப் பதில் கெட்டிக் கம்பியைப் போட்டால், ஃபியூஸ் எரிவதற்குப் பதிலாக வயர் எரியும்; வயரோடு வண்டியும் எரியும்.

கடைசியில் தமையனார் மகன் தன் மீட்டரோடு வந்தான். அவன் காலேஜில் படிக்கிறவன். பல்பைக் கழற்றிவிட்டு, மீட்டரின் சிவப்பு முனையைப் பல்பு மாட்டுகிற ஹோல்டருக்குள் வைத்தான். கறுப்பு முனையை டிராக்டரின் உடம்பில் வைத்தான். மீட்டர் 12 வோல்ட் காட்டிற்று. "சித்தப்பா, கரண்ட் முழுசாக வருகிறது. விளக்கு எரிந்தே தீர வேண்டும்!" என்றான். விளக்கு அந்தச் சாஸ்திரத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

* * *

மறு நாள் காலையில் பொன்னமராவதியிலிருந்து, மோட்டார் வண்டிகளுக்கு வயர் வேலை செய்கிற ஒரு தம்பியை அழைத்து வந்தோம். இருபத்தைந்து வயசு இருக்கும். கையில் ஒரு சின்னப் பெட்டி. அதில் முக்கியமான ஆயுதம் மீட்டரல்ல. இரண்டு வயர்களின் நுனியில் கட்டிய சாதாரணப் பல்பு. அதற்கு டெஸ்ட் லாம்ப் என்று பெயர்.

வந்தவர் விளக்கைத் தொடவே இல்லை. "கோளாறு டிராக்டரிலா, டிரெய்லரிலா? முதலில் அதைத் தெரிந்துகொள்ளலாம்" என்றார். டிரெய்லரின் பிளக்கைப் பிடுங்கினார். டிராக்டரின் பின்னால் உள்ள ஸாக்கெட்டில் ஏழு துவாரங்கள் இருக்கின்றன. பல தேசங்களில் வழங்கும் ஒழுங்குப்படி, 1 இடப் பக்கம் திரும்பும் விளக்கு; 4 வலப் பக்கம் திரும்பும் விளக்கு; 5 வலப் பின் விளக்கு; 7 இடப் பின் விளக்கு; 6 பிரேக் விளக்கு; 3 எர்த். 2-க்குப் பெரும்பாலும் இந்த மாதிரி வண்டியில் வேலையில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ண வயர் என்றும் விதி உண்டு. ஆனால் எங்கள் டிரெய்லரில் முன்பு வேலை செய்தவர், கையில் அகப்பட்ட வயரையெல்லாம் போட்டிருந்தபடியால், வர்ணத்தை நம்பாமல் இலக்கத்தை நம்பியே தம்பி வேலை செய்தார்.

டெஸ்ட் லாம்பின் ஒரு வயரை 3-ல் வைத்துக்கொண்டு, மற்றதை ஒவ்வொன்றாக வைத்தார். நாம் உள்ளே உட்கார்ந்து விளக்கைப் போட்டோம், பிரேக்கை மிதித்தோம். ஒவ்வொரு தடவையும் பல்பு பளிச்சென்று எரிந்தது. "டிராக்டர் நிரபராதி" என்றார். ஐந்தே நிமிஷத்தில் வழக்கில் பாதி தள்ளுபடியாயிற்று.

பிறகு பிளக்கைத் திரும்ப மாட்டி, விளக்கைப் போடச் சொன்னார். தமையனார் மகனிடம் மீட்டரை வாங்கி, ஒரு முனையைப் பாட்டரியின் கழிவு முனையிலும், மற்றதை டிரெய்லரின் விளக்குக் கூட்டின் இரும்பிலும் வைத்தார். "தம்பி, இங்கே என்ன காட்ட வேண்டும்?" என்று கேட்டார். "பூஜ்யம்" என்றான் பையன். மீட்டர் ஆறு வோல்டுக்கு மேல் காட்டிற்று. பையனுடைய முகம் அப்போது போன போக்கு நமக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தம்பி ஒரு நீளமான வயரை எடுத்தார். ஒரு நுனியைப் பாட்டரியின் கழிவு முனையில் கட்டினார். மற்றொரு நுனியால் வலப் பக்கத்து விளக்கின் கூட்டைத் தொட்டார். அந்த க்ஷணமே வல விளக்கு ஜகஜ்ஜோதியாக எரிந்தது. பிரேக்கை மிதித்தால் இன்னும் பிரகாசித்தது. இடப் பக்கம் திரும்புகிற விளக்கு தான் மட்டும் சிமிட்டிற்று. வயரை எடுத்தார், மறுபடியும் காத்து கருப்பு வந்துவிட்டது. "எர்த் இல்லை ஐயா. இதுதான் சமாசாரம்" என்றார்.

* * *

எர்த் என்றால் என்ன என்று தமையனார் கேட்டார். தம்பி கமலையை உதாரணமாகச் சொன்னார். கிணற்றில் கமலை இறைக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மாடுகள் சரிவில் இறங்கிப் போனால் சால் மேலே வந்து தண்ணீர் கொட்டுகிறது. ஆனால் மாடுகள் பின்னுக்கு ஏறித் திரும்பி வந்தால்தான் அடுத்த சால் உண்டு. போகிற வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும், திரும்பி வருகிற வழியில் ஒரு பாறாங்கல்லைப் போட்டுவிட்டால் இறைப்பு நின்றுவிடும். மின்சாரமும் அப்படித்தான். பாட்டரியிலிருந்து புறப்பட்டு, வயர் வழியாக விளக்குக்கு வந்து, வேலை செய்து, வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பாட்டரிக்கே திரும்பிப் போக வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த். பையன் மீட்டரை வைத்துப் பார்த்தது போகிற வழியை மட்டுமே. கறுப்பு முனையை டிராக்டரில் வைத்துக்கொண்டபடியால், டிரெய்லரின் திரும்பும் வழியை அவன் சோதிக்கவே இல்லை.

காத்து கருப்பின் இரகசியமும் வெளியாயிற்று. நேர்வழி அடைபட்டால் மின்சாரம் சும்மா இருப்பதில்லை. திருவிழாக் கூட்டம், பெரிய வீதி அடைபட்டால் அண்டை வீட்டுக் கொல்லை வழியாக நுழைவதில்லையா? அதைப் போல, ஒரு விளக்கின் மின்சாரம் மற்றொரு விளக்கின் இழைக்குள் நுழைந்து, அதன் வயர் வழியாக டிராக்டருக்குப் போய், அங்கே உள்ள விளக்கின் வழியே வீடு திரும்புகிறது. இரண்டு மூன்று இழைகளைக் கடந்து போவதால் எல்லாம் மங்கலாக எரிகின்றன. ஒன்றைப் போட்டால் மற்றொன்று சிமிட்டுகிறது. பிரேக்கை மிதித்தால் அந்தக் கொல்லை வழியில் எதிரே இன்னொரு கூட்டம் வந்துவிடுகிறது; உடனே உள்ளதும் அணைகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விளக்குகள் இப்படிச் சேர்ந்து விளையாடுமானால், பல்பைத் தேடாதீர்கள், எர்த்தைத் தேடுங்கள் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடமாம்.

சரி, திரும்பும் வழியில் பாறாங்கல்லைப் போட்டது யார்? தம்பி டிரெய்லரின் அடியில் படுத்துக்கொண்டு, எர்த் வயர் இணைந்திருந்த போல்ட்டைக் கழற்றினார். அதன் அடியில் பளபளவென்று நீல வர்ணம்! ஆயுத பூஜைக்கு வர்ணம் பூசியவர், சிரத்தையுள்ளவர். போல்ட்டைக் கழற்றி, அதன் அடியிலும் விடாமல் பூசி, பிறகு வயரை அதன் மேல் வைத்து முடுக்கியிருக்கிறார். வர்ணத்தில் மின்சாரம் பாயாது. அன்று முதல் டிரெய்லரின் மின்சாரம், டிராக்டரோடு அதைப் பூட்டுகிற கொக்கி ஆணி வழியாகத்தான் தட்டுத் தடுமாறித் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த ஆணியிலோ ஒரு விரற்கடை கிரீஸ். வண்டி குலுங்கினால் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு விளக்கு எரியும். வண்டி நின்றால் அணையும். "முந்தாநாள்கூட எரிந்ததே!" என்று தமையனார் சாதித்ததும் பொய்யல்ல, அவர் பார்த்த வேளையில் எரிந்திருக்கிறது.

மயிலுக்கும் வேலுக்கும் அழகு செய்யப் பூசிய வர்ணமே விளக்கை அணைத்துவிட்டது என்பதை நினைக்க நமக்கு வெட்கமாக இருந்தது.

* * *

தம்பி வர்ணத்தைச் சுரண்டி, இரும்பு வெள்ளி போல் தெரியும்படி செய்தார். பல் வைத்த வாஷர் போட்டு வயரை முடுக்கி, துருப் பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவினார். அதோடு விடவில்லை. பிளக்கின் 3-வது முனையிலிருந்து இரண்டு விளக்குகளுக்கும் நேராக ஒரு தனி எர்த் வயரை இழுத்தார். "கொக்கி, வண்டியை இழுப்பதற்கு ஏற்பட்டது ஐயா, கரண்டை இழுப்பதற்கல்ல" என்றார்.

வல விளக்கு சரியாயிற்று. இட விளக்கு இன்னும் மங்கல்தான். ஒரு குற்றவாளி அகப்பட்டதும் விசாரணை முடிந்துவிட்டதென்று எண்ணுவது நமது சுபாவம். தம்பி அப்படி எண்ணவில்லை. மறுபடியும் மீட்டர். பல்பு இல்லாதபோது 12 வோல்ட். பல்பை மாட்டியதும் பாதியாகக் குறைந்தது. ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. 21 வாட் இழைக்கு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். மீட்டருக்கு வேண்டியதோ இருக்கிறதா இல்லையா என்கிற அளவு. ஈ நுழைகிற சந்தில் யானை நுழையுமா? ஈயை அனுப்பிப் பார்த்துவிட்டு, வழி விசாலமாக இருக்கிறதென்று சொல்வதைப் போன்றதுதான் வெறும் மீட்டரை நம்புவது. டெஸ்ட் லாம்ப், தானே ஒரு பல்பாகையால், அப்படி ஏமாறுவதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் இட விளக்கும் கண் திறந்தது.

இரும்புச் சட்டத்தின் துவாரம் வழியாக வயர் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் ஒன்று போட்டார். இல்லாவிட்டால் ஓட்டத்தில் தேய்ந்து தோல் கிழியும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில், திரும்பும்போது இழுபடாமலும் தரையில் உராயாமலும் இருக்கும்படி வயரைத் தளர்த்திக் கட்டினார். டிரெய்லரைக் கழற்றி வைக்கும்போது பிளக்கின் வாய் கீழ்நோக்கித் தொங்க வேண்டும், மழைத் தண்ணீர் நிற்கக் கூடாது என்றார். இப்போது வழங்குகிற எல்.இ.டி. விளக்குகளைப் போடலாமா என்று பையன் கேட்டான். "போடலாம்; மின்சாரம் கொஞ்சந்தான் குடிக்கும். ஆனால் அதற்கும் எர்த் வேண்டும் தம்பி" என்று பதில் வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு பின் பலகையின் இரண்டு ஓரங்களிலும் சிவப்புப் பிரதிபலிப்புத் தகடுகளைத் திருகினார். "விளக்கு எப்போதாவது ஏமாற்றும். இதற்குப் பாட்டரியும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம், வருகிறவன் விளக்கு இருந்தால் போதும்" என்றார். வேலைக்குக் கூலி வாங்கிக்கொண்டார், தகடுகளுக்கு வாங்கவில்லை. "அது பாத யாத்திரைக்காரர்களுக்கு" என்று சொல்லிவிட்டார்.

* * *

நாம் அன்றிரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி, ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடுகிறது. ஆபத்தைக் கண்டு, மனம் திடுக்கிட்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால் 25 மீட்டர் போயிற்று. பிரேக் பிடித்து நிற்க இன்னும் இருபது மீட்டருக்குக் குறையாது. ஆக, நாற்பத்தைந்து மீட்டருக்கு முன்னாலேயே தெரிந்தால்தான் உயிர் பிழைக்கலாம். தாழ்த்தி வைத்த மோட்டார் சைக்கிள் விளக்கிலோ, இருட்டில் நிற்கிற வண்டி பெரும்பாலும் முப்பது நாற்பது மீட்டருக்குள் வந்த பிறகே புலப்படுகிறது. குழந்தையின் நெற்றிக்கும் இரும்புக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண், கணக்கில் வராதது, முருகன் போட்டது.

1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், பின் விளக்கின் சிவப்பு ஒளி 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று சொல்கின்றன. நாமும் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். யாத்திரையில் ஒவ்வொரு நாள் இரவும் புறப்படுவதற்கு முன், ஒருவர் பின்னால் இருநூறு அடி வைத்து நடந்து போய் நிற்பார். விளக்கு, பிரேக், இடம், வலம் என்று ஒவ்வொன்றாகப் போடுவோம். சரியாக இருந்தால் கைவிளக்கை அசைப்பார். அதன் பிறகே "அரோகரா!" துணைக்கு ஆளில்லாத நாளில், வண்டியின் பின்புறத்தை ஒரு வெள்ளைச் சுவரை நோக்கி நிறுத்திப் பிரேக்கை மிதித்தால் போதும், சுவரில் விழுகிற சிவப்பு, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நாம் மூன்று மாதமாகச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்திருந்தோம்.

சமஸ்தான காலத்தில் விளக்கில்லாத வண்டிக்காரன், ராஜாவின் போலீஸ்காரனுக்குப் பயந்து அரிக்கேனை ஏற்றினான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். 1948ஆம் வருஷம் மார்ச் மாதம் 3ந் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் சுதந்திர இந்தியாவோடு சேர்ந்தது. இப்போது சட்டம் ராஜாவுடையதல்ல, நம்முடையது. நாமே செய்துகொண்ட சட்டத்துக்குப் போலீஸ்காரனைப் பார்த்துத்தான் கீழ்ப்படிவோம் என்றால், சுயராஜ்யம் வந்தும் என்ன பயன்? தேசபக்தி என்பது கொடியேற்றுகிற தினத்தில் மட்டும் காட்டுகிற காரியமல்ல. நாம் ஒருபோதும் காணப் போகாத ஒருவனுக்காக, நாம் ஒருபோதும் காண முடியாத விளக்கை எரிய வைத்துக்கொண்டு போவதும் தேசபக்திதான். அதோடு, அவன் எச்சரிக்கை சொன்னால் காது கொடுத்துக் கேட்பதும்.

யாத்திரை புறப்பட்ட அன்று, ஊர் எல்லையில் அந்த வாலிபன் நின்றுகொண்டிருந்தான். தோளில் குழந்தை. வண்டி தாண்டிப் போன பிறகு, "ரெண்டு எரியுது அப்பா!" என்று அது உரக்கக் கூவியது நமக்குக் கேட்டது.

நத்தத்தைத் தாண்டியபோது இரவு மூன்று மணி. மலைப் பக்கத்துப் பனி இறங்கிச் சாலையை மூடியிருந்தது. பின்னால் வெகு தூரத்தில் ஒரு லாரியின் இரைச்சல் கேட்டது. நடந்துகொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இரைச்சல் நெருங்கி வந்தது. பிறகு தானாகவே தணிந்தது. லாரி வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நன்றாக வலப் பக்கம் ஒதுங்கி, எங்கள் 32 பேரையும் மெள்ளத் தாண்டிப் போயிற்று. அதை ஓட்டியவர் யாரோ, எந்த ஊரோ, நமக்குத் தெரியாது. அவருக்கும் நம்மைத் தெரியாது. போகப் போக அந்த லாரியின் பின் விளக்குகள் பனிக்குள் இரண்டு சிவப்புப் பொட்டுகளாகத் தெரிந்தன. இரண்டும் நன்றாக எரிந்தன.